சுகாதாரத் தகவலியல் முதுநிலை: இணையவழியில் படிக்கலாமா, கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விடாமல் வீட்டிலிருந்தபடியே படிக்கக்கூடிய முதுநிலைப் படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, எதிர்காலம் உள்ள துறைகளுள் ஒன்றாக, நோயாளிகளின் ஆவணங்களையும் மருத்துவத் தகவல்களையும் கணினியில் ஒழுங்காகப் பதிந்து பயன்படுத்தும் துறையான சுகாதாரத் தகவலியலையும் குறிப்பிட்டிருந்தது. துறையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால், அந்தப் படிப்பை இணையவழியில் நடத்துவதற்கு இன்று நம் நாட்டில் அனுமதி உண்டா என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. 2022இல் சேர்ந்து 2024இல் அதே படிப்பை இணையவழியில் முடித்தவள் என்ற முறையில், பணம் கட்டப்போகும் வாசகர்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் தெரிய வேண்டும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவை எம்.ஆர்.டி. என்றால் மருத்துவமனைக்குள் எல்லாருக்கும் தெரியும், வெளியில் சொன்னால், "பழைய கேஸ் ஷீட்டைக் கட்டிவைக்கிற இடமா?" என்று கேட்பார்கள். கட்டிவைப்பதும் உண்டுதான். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த 72 மணி நேரம் எங்கள் பிரிவில் சுவர்க் கடிகாரத்தைப் போல. யாரும் அதைக் கண்ணிலிருந்து அகற்றுவதில்லை. இருந்தாலும் எங்கள் வேலையின் கடினமான பகுதி அடுக்குவதில் இல்லை, படிப்பதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சலோடு சேர்ந்த ஒரு விவசாயக் கூலிப் பெண் குணமாகி வீடு திரும்புகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "காய்ச்சல்" என்று மட்டும் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நோய்களுக்கு எண் கொடுக்கும் பன்னாட்டு முறையான ஐ.சி.டி-10இல் ஆர்50.9, அதாவது வகை குறிப்பிடப்படாத காய்ச்சல் என்று குறியீடு போட்டு ஒரு நிமிடத்தில் கோப்பை மூடிவிடலாம். ஆனால் கேஸ் ஷீட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால், சேர்ந்த அன்று இரவு செவிலியர் எழுதிய குறிப்பில், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததாக ஒரு வரி இருக்கிறது. நோயாளி வீட்டுக்குப் போன மறுநாள் வந்து, ஒருவரும் பார்க்காமல் செருகப்பட்ட ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கிரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் என்கிறது. குறியீடு ஏ75.3 ஆக மாற வேண்டும். அதை நாங்களாக மாற்றக் கூடாது. வினாச் சீட்டு எழுதி, அறுவை அரங்குக்கும் வார்டுக்கும் இடையில் மருத்துவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால், ஆண்டுக் கணக்கெடுப்பில் எங்கள் மருத்துவமனையில் அந்த நோய் வரவே இல்லை என்றாகிவிடும். அடுத்த முறை அந்தப் பெண் வேறு ஊரில் காட்டினால், முன்பு என்ன வந்தது என்று சொல்லவும் தாளில் ஒன்றும் இருக்காது.

காகிதத்தில் இருந்த இந்த வேலை இப்போது கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மின்னணு மருத்துவ ஆவணங்களுக்கான தர விதிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி. என்ற பன்னாட்டுத் தொகுதியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடாக இருப்பதால், அதை நாட்டுக்குள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதற்கான தேசிய மையம் புணேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் இயங்குகிறது. 2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு சுகாதார இயக்கம் ஆளுக்கொரு 14 இலக்க 'ஆபா' எண்ணைத் தருகிறது. இவற்றையெல்லாம் மருத்துவமனையில் யார் செய்வது? மென்பொருள் நிறுவனத்தாருக்கு வார்டு தெரியாது; மருத்துவருக்கு நேரம் இல்லை. நடுவில் நிற்கும் ஆள்தான் தகவலியல் படித்தவர். அந்த இடம் காலியாக இருப்பதைத் தினமும் பார்த்ததால்தான், நாற்பதை நெருங்கும் வயதில் நான் படிக்கப் போனேன்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிக்கும் நிலை எனக்கு இல்லை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், மாதச் சம்பளம். இணையவழிப் படிப்பு இல்லையென்றால் எனக்கு முதுநிலைப் பட்டமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் குறைகளை வைத்து இந்த வழியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நான்கு பருவம், 80 மதிப்பலகு, இரண்டு ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. அதில் பாதி நகைக்கடன். இரவு ஒன்பது மணிக்கு மேல் காணொளிப் பாடம், ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு. புள்ளியியலும் தரவுத்தள அமைப்பும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஐ.சி.டி. எதற்கு, ஸ்னோமெட் எதற்கு, ஆய்வக முடிவுகளுக்கு ஏன் தனியாக லாயின்க் என்று ஒரு குறியீட்டு முறை வேண்டும், ஒரு மருத்துவமனைக் கணினி இன்னொன்றோடு பேச ஃபயர் என்ற தரம் எப்படி உதவுகிறது என்பதெல்லாம், பல ஆண்டுகள் கையால் செய்த வேலைக்குப் பிறகு காரணத்தோடு புரிந்தபோது ஏற்பட்ட நிறைவை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

குறை எங்கே இருந்தது என்றால், பாடம் முழுவதும் வேறொரு நாட்டு மருத்துவமனையில் நடந்தது. அந்தரங்கப் பாதுகாப்பு என்ற தாளில் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்தை வரிவரியாகப் படித்தோம். நான் படித்துக்கொண்டிருந்தபோதே, 2023 ஆகஸ்டில், நம் நாட்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாடத்தில் ஒரு பக்கம்கூடச் சேரவில்லை. மேலே சொன்ன 72 மணி நேர விதியை நான்கு பருவத்திலும் ஒருவரும் உச்சரித்ததாக நினைவில்லை.

இதைவிடப் பெரிய குறை, பெயர் சம்பந்தப்பட்டது. ஒரே நோயாளிக்கு ஒரே எண் என்பது தகவலியலின் அரிச்சுவடி. பாடப் புத்தகத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். பிறந்த தேதியும் சேர்ந்தால் ஆள் கிடைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் சுடலைமுத்து மகன் மாரியப்பன் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையில் எஸ். மாரியப்பன், ஆதாரில் மாரியப்பன் சுடலைமுத்து, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் சுடலைமுத்து மாரியப்பன், ஊரில் அவர் மாரி. ஆங்கிலத்தில் எழுதும்போது 'பி' ஒன்றா இரண்டா என்பது எழுதுகிறவரின் விருப்பம். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் எல்லாருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி. கணினி 'கடைசிப் பெயர்' கேட்டு அடம்பிடித்தால், வரவேற்பில் இருக்கும் பெண் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்து என்டரைத் தட்டிவிடுவார். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. விளைவு, ஒரே மாரியப்பனுக்கு மூன்று எண்கள், மூன்று கோப்புகள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற சிவப்பு ஒட்டு அவற்றில் ஒன்றில் மட்டும் இருக்கும்.

இறுதிப் பருவ ஆய்வுத் திட்டத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொள்ள விரும்பினேன்: எங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரே ஆளுக்கு எத்தனை எண்கள் இருக்கின்றன, தலைப்பெழுத்து முறையில் அமைந்த தமிழ்ப் பெயர்களைப் பொருத்திப்பார்க்க என்ன விதிகள் வேண்டும் என்று. மருத்துவமனை நிர்வாகம் வாய்மொழியாகச் சம்மதித்தது. நான் படித்த நிறுவனம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காலம் போதாது என்று சொல்லி, இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரித் தரவு ஒன்றைக் கையில் கொடுத்தது. அதில் ஸ்மித்துகளையும் ஜான்சன்களையும் வைத்து வரைபடம் போட்டு, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எனக்குப் பக்கத்து அறையில் மாரியப்பனின் மூன்று கோப்புகள் மூன்று அலமாரிகளில் இருந்தன.

இனி, முக்கியமான சட்டச் சிக்கலுக்கு வருகிறேன். 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணை, தொழில்களைப் பத்து வகைகளாகப் பிரிக்கிறது. பத்தாவது வகை, சுகாதாரத் தகவல் மேலாண்மை மற்றும் சுகாதாரத் தகவலியல் தொழிலர். மருத்துவ ஆவணப் பகுப்பாய்வாளரும், நோய்க்குக் குறியீடு போடும் கோடரும் அதற்குள் அடக்கம். எங்கள் வேலைக்கு ஒரு சட்டத்தில் பெயர் கிடைத்ததே என்று அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் எந்தப் படிப்பையும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது, ஏற்கெனவே அந்தப் பருவத்துக்குக் கொடுத்த அனுமதியும் திரும்பப் பெறப்படும் என்பது அதன் சாரம். எடுத்துக்காட்டாக உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்தியல் ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. சுகாதாரத் தகவலியலின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

பெயர் இல்லாததால் தடை இல்லை என்று இந்தப் படிப்பை விற்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அறிவிப்பு சட்டத்தின் கீழ் வரும் எல்லாப் படிப்புகளையும் சொல்கிறது; சட்டத்தின் அட்டவணையிலோ எங்கள் தொழில் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், சுகாதாரத் தகவலியல் என்ற பெயரிலான இணையவழி முதுநிலைப் படிப்பும் தடைக்குள் வருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அதே பாடங்களை மேலாண்மைப் பட்டத்தின் சிறப்புப் பிரிவாகவோ தரவு அறிவியலின் ஒரு பகுதியாகவோ பெயர் மாற்றி நடத்தினால் என்ன நிலை? பெயரைப் பார்ப்பதா, பாடத்தைப் பார்ப்பதா? இதற்கு மானியக் குழு ஒரு வரியில் விளக்கம் எழுதினால் போதும்.

தடைக்கு நியாயமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நோயாளியின் உடம்பைத் தொட்டுச் செய்யும் தொழிலைத் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. உளவியல் ஆலோசனைக்கும் அது பொருந்தும். என் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி என்று ஒரு மணி நேரம்கூடக் கட்டாயமாக இல்லை என்பதும், கேஸ் ஷீட்டையே பார்க்காத கணினிப் பட்டதாரிகள் என்னோடு சேர்ந்து அதே பட்டத்தை வாங்கினார்கள் என்பதும் உண்மை. அவர்களில் ஒருவர் இறுதிப் பருவத்தில், ஓ.பி. என்றால் என்ன, ஐ.பி. என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். கெட்டிக்காரப் பையன், குற்றம் அவருடையதில்லை.

ஆனால் தகவலியலில் கற்க வேண்டிய கைவேலை மருத்துவமனைக்குள்தான் இருக்கிறது. அந்த மருத்துவமனைக்குள் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்குத்தான் இணையவழி தேவைப்படுகிறது. செவிலியர், ஆய்வக நுட்பர், மருந்தாளுநர், எங்களைப் போன்ற ஆவணப் பிரிவினர் யாரும் வேலையை விட்டுவிட்டு வகுப்பறைக்குப் போக முடியாது. சட்டமே தகுதியை மணிக்கணக்கில்தான் அளக்கிறது: துணை மருத்துவத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதாரத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம். அப்படியானால் கோட்பாட்டுப் பாடங்களை இணையவழியில் விட்டுவிட்டு, பயிற்சி மணிகளை மாணவர் வசிக்கும் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் ஆவணப் பிரிவில் கையெழுத்தோடு முடிக்கச் சொல்லலாமே. தேர்வு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதாக இருக்க வேண்டியதில்லை, சென்னை ஐ.ஐ.டி. தன் தரவு அறிவியல் பட்டப் படிப்பில் பாடத்தை இணையத்தில் நடத்திவிட்டுத் தேர்வை நேரடி மையங்களில் வைக்கிறது. ஆணையம் 2025இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டங்களில் சுகாதாரத் தகவல் மேலாண்மையும் ஒன்று. அதைப் பின்பற்றும் கலப்புமுறைப் படிப்பு ஒன்றை மாநில மருத்துவப் பல்கலைக்கழகம் முன்னெடுத்தால், மாரியப்பனின் மூன்று எண்களைப் பற்றிய ஆய்வு திருநெல்வேலியிலேயே நடக்கும்.

ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனத்தில், அனுமதி இருந்த காலத்தில், இணையவழியில் வாங்கிய பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பர் 2 அன்றே தெளிவாக்கியது. 2025 அறிவிப்பு அந்த ஆண்டின் ஜூலை–ஆகஸ்ட் பருவத்துக்கு முந்தைய பட்டங்களைத் தொடவில்லை. இருந்தும், வேறொரு மருத்துவமனையின் நேர்காணலில் என் சான்றிதழைப் பார்த்தவர், "இது ரெகுலர் இல்லையே" என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மானியக் குழுவின் கடிதத்தை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இருந்தாலும்" என்றார். அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

இப்போது இதை எழுதத் தூண்டியது என் சொந்தக் குறை அன்று. எங்கள் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் இளம்பெண் ஒருவர், கோடிங்கில் என்னைவிட வேகமானவர், இதே படிப்பில் சேர விரும்புகிறார். ஒரு முறை இணையத்தில் விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று அழைப்புகள். பேசுபவர் பல்கலைக்கழக ஊழியர் அல்லர், ஏதோ ஒரு சேர்க்கை நிறுவனத்தின் ஆள். "இன்றைக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் இருபது சதவீதம் தள்ளுபடி, மேடம்" என்கிறார். மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் இந்தப் படிப்புகளை வேறு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து நடத்துவதைத் தடைசெய்கின்றன என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தார். "நாங்கள் வழிகாட்டிகள் மட்டும்தான், மேடம்" என்று பதில் வந்தது. 2025 அறிவிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "அது உளவியலுக்குத்தான்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, நீ சேரும் அதே ஆண்டு, அதே பருவத்துக்கு, பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதேபோல் இருக்கிறதா என்று பார். இப்போது சேர்க்கைக்கு அந்தப் பணியகத்தின் 'டெப்' அடையாள எண் கட்டாயம்; அதை நீயே அந்தத் தளத்தில் எடு, அழைப்பவரிடம் விடாதே. ஆய்வுத் திட்டத்தை நம் மருத்துவமனையில் செய்ய ஒப்புக்கொள்வார்களா என்று எழுத்தில் கேள். எழுத்தில் பதில் வரும்வரை பணம் கட்டாதே.

இரண்டு வாரமாகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. தொலைபேசி அழைப்பு மட்டும் தவறாமல் வருகிறது. மானியக் குழுவோ ஆணையமோ இந்த ஒரு படிப்பைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ வெளிப்படையாக அறிவிக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சேர்க்கைப் பருவத்துக்கு முன் அந்தப் பதில் வந்தால், அதை அச்செடுத்து எங்கள் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவணப் பிரிவு ஊழியர்,
பாளையங்கோட்டை.